பேச முடியாதபோது போனைப் பேசவைப்பது: தமிழில் எது உதவுகிறது?

#1 மண்டிக்காரர் மகள் (திண்டுக்கல்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். குரல்வளை முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் அடுத்த மாதம். இப்போது குரல் கரகரப்பாக இருக்கிறது, ஆனால் பேசுவது புரிகிறது.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். ஏலம் கூறுவது, விவசாயிகளுக்கு விலை சொல்வது, கேரளாவுக்கு லோடு அனுப்ப லாரிக்காரரிடம் பேசுவது என்று எல்லாமே வாயால் நடக்கும் வேலை. எழுதியதைப் படித்துக் காட்டும் ஆப்கள் இருப்பது தெரியும். தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவைதான் வருகின்றன.

அப்பாவிடம் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன். ஆங்கிலம் வராது. தமிழ் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் போனில் டைப் செய்யப் பழகவே இல்லை. வாட்ஸப்பில் எல்லாமே வாய்ஸ் மெசேஜ். எதையாவது தேடினால்கூட மைக்கை அழுத்திப் பேசித்தான் தேடுவார். பேச்சு போனால் போனும் கையை விட்டுப் போய்விடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆபரேஷனுக்கு முன்பே செய்துவைக்க வேண்டியது என்னென்ன? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கழுத்துவழிச் சுவாசி (தஞ்சாவூர்)

தங்கச்சி, எனக்கும் இதே ஆபரேஷன்தான். குரல்வளை இல்லாமல் பல வருடங்களாக வாழ்கிறேன், வேலைக்கும் போகிறேன். அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஆப் பற்றிப் பேசுமுன் ஆஸ்பத்திரி விஷயம். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களுக்குப் போன் உதவாது. கண் மங்கலாக இருக்கும், கை நடுங்கும். சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி வையுங்கள். அப்பா எழுதும் கை எது என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி, சலைன் ஊசியை மற்றக் கையில் போடச் சொல்லுங்கள். யாரும் இதை யோசிப்பதில்லை. எழுதும் கையில் ஊசி ஏறிவிட்டால் அந்த நாட்கள் மிகவும் கொடுமை.

அடுத்தது, போன் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். ஆறிய பிறகு மூன்று முறைகளில் பேசலாம். முதலாவது எலக்ட்ரோலாரிங்க்ஸ் என்ற கைக்கருவி. கழுத்தில் அழுத்திப் பிடித்தால் அதிரும், அந்த அதிர்வை வாயால் சொல்லாக்க வேண்டும். இரண்டாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன ஒருவழி வால்வு பொருத்துவார்கள். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்டிருக்கும் துளையை விரலால் மூடிப் பேசலாம். வெளிநாட்டு வால்வு விலை அதிகம். பெங்களூரு டாக்டர் விஷால் ராவ் சுமார் 50 ரூபாய் செலவில் 'ஓம்' என்று ஒன்றை உருவாக்கியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். மூன்றாவது, காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து வெளியே விட்டுப் பேசுவது. கருவியே வேண்டாம், ஆனால் பழக நாளாகும். எல்லோருக்கும் கைகூடுவதும் இல்லை.

நான் எலக்ட்ரோலாரிங்க்ஸ் வைத்திருக்கிறேன். வீட்டில் அதுதான். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் அது எடுபடாது, அங்கே போன். தாலுகா ஆபீஸிலும் போன்தான், ஏனென்றால் கருவியின் ஒலியைக் கேட்டதும் சிலர் மிரண்டுபோய் நான் சொல்வதைக் கவனிப்பதில்லை. ஆக, மண்டிக்குப் போன் கட்டாயம் தேவைப்படும்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. போனின் லாக் ஸ்கிரீனில் அவசரத் தகவலாக எழுதி வையுங்கள்: "கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுபவர். ஆக்ஸிஜனைக் கழுத்தில் வைக்கவும்." மயங்கி விழுந்தால் மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் வைப்பார்கள். முழுக் குரல்வளையும் எடுத்தவருக்கு அதனால் பயனில்லை.

#3 பேச்சுப் பயிற்சி அக்கா (சென்னை)

பேச்சு மொழி சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். மேலே அண்ணா சொன்னது அத்தனையும் சரி. உங்களிடம் இன்னும் நேரம் இருக்கிறது என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். ஆப் தேடுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். இந்த வாரம் அப்பாவின் குரலைப் பதிவு செய்யுங்கள்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் காஸ்டெல்லோ என்ற பேச்சு சிகிச்சையாளர் பல வருடங்களாக வளர்த்தெடுத்த முறை இது. குரல் போவதற்கு முன்பே, நோயாளி தன் வாயால் தனக்கே உரிய வாக்கியங்களைச் சொல்லிச் சேமித்து வைப்பார். பிறகு போனில் ஒரு பட்டனை அழுத்தினால் அவருடைய சொந்தக் குரலே பேசும். இதற்கு இணையமும் வேண்டாம், தமிழுக்கென்று தனித் தொழில்நுட்பமும் வேண்டாம். ஆங்கிலத்துக்கு இருக்கும் வசதி தமிழுக்கு இல்லையே என்ற குறை இந்த ஒரு விஷயத்தில் கிடையவே கிடையாது.

எதைப் பதிவு செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். குடும்பத்தினர் வழக்கமாக "தண்ணி வேணும்", "வலிக்குது", "ஃபேன் போடு" என்றே எழுதிக்கொண்டு வருவார்கள். அவற்றை எந்த இயந்திரக் குரலும் சொல்லிவிடும். அப்பா மட்டுமே சொல்லக்கூடியதைப் பிடியுங்கள். உங்களைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர். பேரப்பிள்ளைகளைக் கூப்பிடும் விதம். அம்மாவிடம் கோபப்படும் தொனி. சாமி கும்பிடும்போது சொல்வது. ஏலத்தில் விலை ஏற்றும் தோரணை. கல்யாணத்துக்கு வந்தவரை "வாங்க வாங்க" என்று வரவேற்பது. சிரிப்பு. சிரிப்பைக் கட்டாயம் எடுங்கள், அதை எந்த ஆப்பாலும் உண்டாக்க முடியாது.

ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, போனின் ரெக்கார்டரிலேயே எடுக்கலாம். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனி ஃபைல். குரல் கரகரப்பாக இருக்கிறதே என்று அப்பா கூச்சப்படுவார். பரவாயில்லை, எடுங்கள்.

இதைவிடப் பெரிய புதையல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்பா வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார் என்றீர்கள். நோய் வருவதற்கு முந்தைய நல்ல குரல் அவற்றில் இருக்கும். சாட்டை மீடியாவுடன் எக்ஸ்போர்ட் செய்து எடுத்து வையுங்கள். உறவினர்களிடமும் கேளுங்கள். எவரும் போன் மாற்றி அவை அழிந்துபோவதற்கு முன்னால் செய்யுங்கள்.

#4 கொங்குக் கணினி (கோவை)

நான் கருவி பற்றிச் சொல்கிறேன். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே பேச்சு இல்லை, வீட்டில் இதுதான் எங்கள் அன்றாடம்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் பேச்சுச் சேவை பெரும்பாலும் போனோடு வந்துவிடும். செட்டிங்ஸில் அணுகல்தன்மைக்குள் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதி இருக்கும். அங்கே மொழியைத் தமிழாக்கி, குரல் தரவை வைஃபையில் இறக்கிவிடுங்கள். அப்புறம் நெட் இல்லாமலும் பேசும். ஆண் குரலும் உண்டு, பெண் குரலும் உண்டு. வேகத்தையும் குரலின் உயரத்தையும் அங்கேயே மாற்றலாம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் வயதானவர்களுக்கும் புரியும்.

இதற்கு மேல், வாக்கியங்களைச் சேமித்துப் பட்டனாக வைக்கும் ஆப் ஒன்று வேண்டும். போனில் உள்ள குரலையே பயன்படுத்தும் ஆப்பாகப் பார்த்து எடுங்கள், அப்போதுதான் தமிழ் பேசும். நாளைக்கே ஒன்று வேண்டும் என்றால் கூகுள் டிரான்ஸ்லேட் போதும். தமிழ்ப் பெட்டியில் எழுதி ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் வாசிக்கும்.

மைக்ரோசாஃப்டின் பல்லவி, வள்ளுவர் குரல்கள் இன்னும் இயல்பானவை. எட்ஜ் பிரவுசரில் உரக்கப் படிக்கும் வசதியில் இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவற்றுக்கு நெட் வேண்டும். மார்க்கெட் நெரிசலில் சிக்னல் இல்லாதபோது பேச்சே நின்றுவிடும் கருவியை நம்பக் கூடாது. இஸ்பீக் என்ற இலவசக் குரலிலும் தமிழ் உண்டு, மிகச் சிறியது, வேகமானது. பார்வையற்ற நண்பர்கள் கணினித் திரையைக் கேட்டறிய நிறையப் பயன்படுத்துகிறார்கள். பழகாத காதுக்கு அது இயந்திரமாகத்தான் ஒலிக்கும், எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: 2023இல் வந்த ஐஓஎஸ் 17இல் லைவ் ஸ்பீச் இருக்கிறது. பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அழுத்தினால் எழுதும் பெட்டி வரும். எழுதியது போன் காலுக்குள்ளேயே பேச்சாகப் போகும். இது பெரிய விஷயம். அதே பதிப்பில் நம் குரலையே செய்து தரும் வசதியும் வந்தது, ஆனால் ஆங்கிலத்துக்கு மட்டும் என்றுதான் தொடங்கினார்கள்.

டைப்பிங் கவலையை விடுங்கள். ஜிபோர்டில், அதாவது கூகுள் கீபோர்டில், தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்து என்ற வகையைத் தேர்வு செய்யுங்கள். திரையில் விரலால் எழுதினால் எழுத்தாகிவிடும். முத்து முத்தாக எழுதுபவருக்கு அதைவிட வசதி எது?

#5 மண்டிக்காரர் மகள் (திண்டுக்கல்)

கையெழுத்து வேலை செய்கிறது!! அப்பா முதலில் எழுதியது அம்மா பெயர். ரொம்ப நன்றி அண்ணா.

ஆனால் ஒரு சிக்கல். "நாளைக்கு வண்டி வந்துரும், பயப்படாதீங்க" என்று எழுதினால் குரல் தடுமாறுகிறது. "நாளை வண்டி வந்துவிடும், பயப்பட வேண்டாம்" என்றால் தெளிவாக வாசிக்கிறது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கிறது, நான் இப்படிப் பேச மாட்டேன் என்று போனைத் தள்ளி வைத்துவிட்டார்.

#6 ஒலியலை (பெங்களூரு)

உங்கள் அப்பா சொன்னதுதான் தமிழ்க் குரல்களின் மையப் பிரச்சினை. இந்தத் துறையில் கொஞ்ச காலம் வேலை செய்தவன் என்பதால் காரணத்தை விளக்குகிறேன்.

தமிழில் இந்த முயற்சி புதிதல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு 2000களின் தொடக்கத்திலேயே 'திருக்குறள்' என்ற பெயரில் தமிழ் வாசிப்பு மென்பொருள் செய்தது. ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்குக் குரல்களை உருவாக்கின. பொதுவாக இவற்றின் அடிப்படை ஒன்றுதான்: பயிற்சி பெற்ற ஒருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதிவைத்த வாக்கியங்களை மணிக்கணக்கில் வாசிப்பார். அதிலிருந்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். வாசித்தவை செய்தி, கதை, கட்டுரை. "வந்துரும்" என்பதை அது கேட்டதே இல்லை. ஆங்கிலத்திலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் நமக்கு இருக்கும் தூரம் அவர்களுக்கு இல்லை. நாம் வீட்டில் பேசும் தமிழை நமக்கே சீராக எழுத்துக்கூட்டத் தெரியாது. ஒருவர் "வந்திரும்" என்பார், ஒருவர் "வந்துடும்" என்பார்.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பேச்சு வடிவங்களில் பல ஏற்கெனவே அச்சில் புழங்குகின்றன: "இருக்கு", "வாங்க", "போலாம்", "சரிங்க". இவற்றை நன்றாகவே வாசிக்கும். தடுமாறும் சொல்லுக்கு மட்டும் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டி, எது நன்றாக ஒலிக்கிறதோ அதைச் சேமியுங்கள். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலையே வேண்டாம், யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை, கேட்கத்தான் போகிறார்கள். மூச்சு விட வேண்டிய இடத்தில் கமா போடுங்கள். கேள்விக்குறியை நம்பாதீர்கள், பல குரல்கள் தொனியை உயர்த்துவதில்லை. "வண்டி வந்தாச்சு?" என்பதைவிட "வண்டி வந்தாச்சா?" என்று ஆகாரம் போட்டு முடித்தால் கேள்வி என்று புரிந்துவிடும்.

எண்களை எழுத்தால் எழுதுங்கள். மண்டிக்கு இது முக்கியம். "14.50" என்று போட்டால் ஒரு குரல் புள்ளி என்று வாசிக்கும், இன்னொன்று வேறு மாதிரி வாசிக்கும். "பதினாலரை ரூபா" என்று எழுதினால் சண்டை வராது. பெயர்களிலும் கவனம் வேண்டும். தமிழில் ப ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் பாலு, பாபு போன்ற பெயர்களை இயந்திரம் எப்படி உச்சரிக்கும் என்று முன்பே கேட்டுப் பாருங்கள்.

#7 ஓய்வுபெற்ற டீச்சர் (மதுரை)

குரல்நாண் முடிச்சுக்கு ஆபரேஷன் செய்தபோது பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்கள். அந்தச் சமயத்தில் நானும் போனை வைத்துத்தான் சமாளித்தேன். தற்காலிகம்தான், அப்பாவின் நிலையோடு ஒப்பிட மாட்டேன்.

ஒலியலை தம்பி சொன்னதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. எல்லாவற்றையும் பேச்சுத் தமிழாக மாற்றத் தேவையில்லை. பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் இயந்திரம் திருத்தமான எழுத்துத் தமிழில் பேசியபோது எனக்குக் கூடுதல் மரியாதை கிடைத்தது. பேச முடியாதவர் என்றால் புத்தியும் குறைவு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நல்ல தமிழில் முழு வாக்கியமாக வந்து விழும்போது நிமிர்ந்து பார்க்கிறார்கள். இரண்டு தொகுப்பாக வையுங்கள் மகளே. வெளியிடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டுத் தொகுப்பில் அப்பா எப்படிப் பேசுவாரோ அப்படியே இருக்கட்டும்.

#8 ஒலியலை (பெங்களூரு)

டீச்சர், அது நல்ல யோசனை. ஏற்கிறேன்.

#9 அகிலின் அம்மா (சென்னை)

என் மகனுக்குப் பெருமூளை வாதம். எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்பே அவன் படங்களைத் தொட்டுப் பேச ஆரம்பித்தான். சென்னையிலேயே உருவான ஆவாஸ் ஆப், அஜித் நாராயணன் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து வடிவமைத்தார்கள். ஐஐடி பாம்பேயில் உருவான ஜெல்லோ இலவசமாகக் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இரண்டையும் பாருங்கள்.

நான் எழுத வந்தது வேறு விஷயத்துக்காக. ஒரு பள்ளியில், சேட்டை செய்தான் என்று டேப்லெட்டைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்தார்கள். மற்றப் பிள்ளை சேட்டை செய்தால் வாயைத் தைத்து வைப்பார்களா? அது அவன் வாய். கோபம் வந்தால் கோபத்தைச் சொல்லவும் அதுதான் வேண்டும். வீட்டிலும் இதே தப்பு நடக்கும். விருந்தாளி வந்தால் "அதை ஓரமா வை" என்பார்கள், வீடியோ பார்க்க அந்தப் போனையே கேட்பார்கள். தங்கச்சி, அப்பாவின் போனை வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சார்ஜும் எப்போதும் இருக்க வேண்டும், பவர் பேங்க் ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.

#10 தெற்கு வாசல் (யாழ்ப்பாணம்)

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு கதைக்க ஏலாமல் போயிற்று. இந்த இழையைப் பார்த்துப் போனில் எழுதச் சொல்லிப் பார்த்தோம். எழுதவும் வருகுதில்லை. பேனையைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறா. ஆனால் தேவாரம் பாடச் சொன்னால் முழுசாகப் பாடுகிறா. இது என்னெண்டு விளங்கவில்லை. ஆரும் சொல்ல ஏலுமோ?

#11 பேச்சுப் பயிற்சி அக்கா (சென்னை)

அம்மாவை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், தயவுசெய்து. குரல்வளை எடுத்தவருக்கு மொழி முழுதாக இருக்கிறது, ஒலி மட்டும் இல்லை. பக்கவாதத்தில் மூளையின் மொழிப் பகுதி அடிபட்டால் சொல்லைத் தேடி எடுப்பதே சிரமம். அது பேச்சையும் எழுத்தையும் சேர்த்தே பாதிக்கும். அஃபேசியா என்பார்கள். எழுத்தைப் பேச்சாக்கும் கருவி அப்போது நேரடியாக உதவாது, ஏனென்றால் எழுத்தே வராது. அறிவு குறைந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

தேவாரம் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகப் பதிந்தது, பண்ணோடு வருவது. அப்படிப் பதிந்தவை பலருக்கு மிஞ்சியிருக்கும். எண்ணுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்வது கூட வரலாம். நல்ல அறிகுறி. தினமும் கூடவே பாடுங்கள்.

தொடர்பு கொள்ள, வீட்டு ஆட்களின் போட்டோ, சாப்பாட்டுப் படம், வலிக்கும் இடத்தைக் காட்ட உடம்புப் படம் என்று ஒரு தாளில் ஒட்டிக் கொடுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் பேச்சு சிகிச்சையாளரைச் சீக்கிரம் பாருங்கள், முதல் மாதங்கள் முக்கியமானவை.

#12 கொங்குக் கணினி (கோவை)

யாழ்ப்பாண நண்பருக்கு, பின்னாளில் தேவைப்படலாம்: மைக்ரோசாஃப்ட் குரல்களில் இலங்கைத் தமிழுக்குக் குமார், சரண்யா என்று தனியாக இரண்டு இருக்கின்றன. சிங்கப்பூருக்கு அன்பு, வெண்பா. மலேசியாவுக்குச் சூர்யா, கனி.

#13 தீவுத் தமிழன் (சிங்கப்பூர்)

வெண்பா குரலைத்தான் அக்கா கொஞ்ச நாள் வைத்திருந்தார். அவருக்கு மோட்டார் நியூரான் நோய், ஏஎல்எஸ். கை போய்க்கொண்டிருக்கிறது. ஐபேடில் 2024இல் வந்த கண் அசைவு வசதியால் பட்டனைப் பார்த்தே தேர்வு செய்கிறார்.

அப்பாவின் பழைய வாய்ஸ் மெசேஜ் பற்றி மேலே சொன்னார்களே, அதை வைத்து இன்னொன்றும் செய்யலாம். இலெவன்லேப்ஸ் போன்ற சேவைகள் பதிவுகளிலிருந்து அதே குரலைச் செயற்கையாக உண்டாக்குகின்றன, அதில் தமிழும் உண்டு. நோயால் குரல் இழப்பவர்களுக்கு இலவசமாகத் தரும் திட்டமும் அவர்களிடம் இருக்கிறது. நாங்கள் அக்காவுக்குச் செய்தோம். குரல் அவருடையது, ராகம் அவருடையதில்லை, வாக்கியத்தை வேறு யாரோ பேசும் மாதிரி ஏற்றி இறக்குகிறது. அக்கா கேட்டுவிட்டு யோசித்தார். பிறகு மருமகளோடு பேச மட்டும் அதை வைத்துக்கொண்டார். மற்ற இடங்களில் பழைய இயந்திரக் குரலே போதும் என்றார்.

ஸ்டீபன் ஹாக்கிங் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1985இல் நிமோனியா, தொண்டையில் ஆபரேஷன், பேச்சு போனது. அவருக்குக் கிடைத்த இயந்திரக் குரல் எம்ஐடியில் வேலை செய்த டென்னிஸ் கிளாட் என்பவரின் ஆராய்ச்சியில், அவருடைய சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவானது. கிளாட்டுக்கே தைராய்டு புற்றுநோய் வந்து குரல் கெட்டு, 1988இல் காலமானார். பின்னாளில் எவ்வளவோ நல்ல குரல்கள் வந்தும் ஹாக்கிங் அந்தப் பழைய குரலை விடவில்லை, அதுவே தன் குரல் என்று வைத்துக்கொண்டார். ஆகவே, எது தன் குரல் என்பதை அப்பாவே முடிவு செய்யட்டும். பதிவுகளை எடுத்து வைப்பது உங்கள் வேலை. குரலை உருவாக்குவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். யாருக்கும் அந்த ஃபைல்களை அனுப்பாதீர்கள். இன்று குரலைத் திருடிப் பணம் கேட்கும் மோசடியும் நடக்கிறது.

#14 பேசாத பயணி (திருச்சி)

போன் கால் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டில் வேறொரு ஆப்பின் ஒலி நேராகக் காலுக்குள் போகாது. ஒரு போனில் ஸ்பீக்கரைப் போட்டு, இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்துப் பேசவைக்க வேண்டும். முதல் வாக்கியம் கட்டாயம் இப்படி இருக்கட்டும்: "வணக்கம், எனக்குப் பேச முடியாது, போன் வழியாக எழுதிப் பேசுகிறேன், பதில் வரச் சற்று நேரமாகும், தயவுசெய்து துண்டிக்காதீர்கள்." இது இல்லாவிட்டால் ரெக்கார்ட் செய்த விளம்பரம் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள்.

ஒரு வங்கியில் கார்டு பிளாக் செய்யக் கூப்பிட்டபோது "வாடிக்கையாளர் தன் வாயால் பேச வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். நேரில் போய் எழுதிக் கொடுத்துத்தான் முடிந்தது. இதற்காகவே மாற்றுத்திறன் சான்று வாங்கி வையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. குரல்வளை நீக்கம் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அட்டையைக் காட்டினால் விவாதம் குறைகிறது.

அவசரத்துக்கு 112 இந்தியா ஆப்பும், தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி ஆப்பும் போனில் இருக்கட்டும். பட்டனை அழுத்தினால் இருக்கும் இடம் போய்ச் சேரும்.

#15 மண்டிக்காரர் மகள் (திண்டுக்கல்)

நாளை மறுநாள் ஆபரேஷன். இதுவரை செய்ததை எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

பழைய வாய்ஸ் மெசேஜ்களை அத்தைகள், மண்டிப் பையன்கள், கேரளா வியாபாரிகள் என்று எல்லோரிடமும் வாங்கிவிட்டேன். அப்பா கூச்சப்படாமல் பதிவுக்கு உட்கார்ந்தார். ஏலக் குரலை வீட்டில் பேச மாட்டேன், மண்டியில்தான் வரும் என்றார். அதனால் விடிகாலை ஏலத்திலேயே சட்டையில் மைக் மாட்டி எடுத்தோம். இரைச்சல் இருக்கிறது, இருக்கட்டும். அம்மாவைத் திட்டுவதையும் எடுத்தோம், அம்மாதான் கட்டாயம் வேண்டும் என்றார்.

டீச்சர் சொன்னபடி இரண்டு தொகுப்பு. மண்டிக்கானது தனியாக மூன்றாவது. காய்களின் பெயர், அரை, கால் விலைகள், "சாக்குக்கு எவ்வளவு கழிக்கணும்", "நேத்து கணக்கு பாக்கி இருக்கு" எல்லாம் எழுத்தில் ஏற்றிக் கேட்டுத் திருத்திவிட்டோம். லாக் ஸ்கிரீன் தகவல் போட்டாயிற்று. வெள்ளைப் பலகை பையில் இருக்கிறது. வலது கையில் எழுதுவார் என்று வார்டில் சொல்லிவிட்டேன்.

#16 கழுத்துவழிச் சுவாசி (தஞ்சாவூர்)

நல்லது தங்கச்சி. இனி வீட்டில் உள்ளவர்களுக்கான பாடம். பேசுகிறவர் ஒரு நிமிடத்தில் நூறு வார்த்தைக்கு மேல் பேசிவிடுவார். எழுதிப் பேசவைப்பவர் அதில் கால்வாசியைக்கூட எட்டுவது கஷ்டம். அப்பா எழுதும்போது எட்டிப் பார்த்து வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். அவர் முடித்து, போன் பேசும் வரைக்கும் காத்திருங்கள். பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டால் அவர் எழுதியது வீணாகும். ரெண்டு முறை அப்படி ஆனால் எழுதுவதையே விட்டுவிடுவார். நானும் அப்படி விட்டிருக்கிறேன், என் மனைவி கவனித்து மாற்றினார்.

காது கேட்காதவரிடம் பேசுவது போல அவரிடம் கத்தவும் வேண்டாம். ஊரில் பாதிப் பேர் அதைச் செய்வார்கள்.

#17 அகிலின் அம்மா (சென்னை)

நல்லபடியாக முடியட்டும். வேண்டிக்கொள்கிறோம்.

#18 மண்டிக்காரர் மகள் (திண்டுக்கல்)

எல்லோருக்கும் தாமதமான நன்றி. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. அப்பா மண்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஏலத்தை இப்போது என் தம்பி கூறுகிறான். விலையை அப்பா முடிவு செய்து போனில் சொல்கிறார். வால்வு பற்றி அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கிறோம்.

ஒரு கேள்வி. மார்க்கெட் சத்தத்தில் போன் ஸ்பீக்கர் போதவில்லை. புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினோம், சத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் வார்த்தையை விழுங்கிவிடுகிறது. "முப்பது ரூபா" என்றால் "ரூபா" மட்டும் கேட்கிறது. என்ன செய்யலாம்?

#19 கொங்குக் கணினி (கோவை)

சந்தோஷம். புளூடூத் ஸ்பீக்கர் சும்மா இருக்கும்போது தூங்கிவிடும், ஒலி வந்த பிறகுதான் விழிக்கும், அதற்குள் முதல் சொல் போய்விடும். விலை சொல்லும் இடத்தில் அது ஆகாது. டூரிஸ்ட் கைடுகளும் டீச்சர்களும் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் பார்த்திருப்பீர்கள். வயர் சொருகும் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கி, போனிலிருந்து வயரிலேயே கொடுங்கள், விழுங்காது. வாங்கும் வரைக்கும் ஒவ்வொரு விலைக்கும் முன்னால் "அண்ணே," என்று கமாவோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விழுங்கினாலும் அண்ணேவைத்தான் விழுங்கும், விலை முழுசாக வந்துவிடும்.